விசிலும் என் சந்தேகமும்

மருத்துவமனைக்கு நான் நடந்து போகவில்லை. நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த நாலு பேரில் என் கண்டக்டர் தாவூதும் ஒருவன். தலை சுற்றி, மன்னார்குடி பஸ் ஸ்டாண்டே ராட்டினமாக ஓடிக்கொண்டிருந்த அந்த நிலையிலும் எனக்கு வந்த முதல் நினைப்பு, இவன் எதற்கு இவ்வளவு அக்கறையாகத் தூக்குகிறான் என்பதுதான். என் புத்தி அப்படி. காபியில் சர்க்கரை சரியாக இருந்தால்கூட, இன்றைக்கு என்ன விஷயம் என்று கட்டினவளைக் கேட்கிற ஆள் நான்.

என் பெயர் கலியபெருமாள். இருபத்து மூன்று வருஷம் தனியார் பஸ் ஓட்டினேன். தஞ்சாவூரில் கிளம்பி வடுவூர், மன்னார்குடி வழியாகத் திருத்துறைப்பூண்டி போய்ச் சேரும் வண்டி. அந்தப் பாதையில் ஓடும் டிரைவர்கள் சிலர், "என்னண்ணே ஆச்சு, எழுதிக் குடுங்க, நாங்களும் தெரிஞ்சுக்கிறோம்" என்று கேட்டார்கள். தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார்களா, வேறு எதற்காவதா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

பஸ் ஓட்டுகிறவன் எப்படி உட்கார்ந்திருக்கிறான் என்று பயணிகள் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். இடது முழங்காலுக்குப் பக்கத்தில் என்ஜின். தலைக்கு மேலே பாட்டுப் பெட்டி. பாட்டு சத்தமாக இல்லாவிட்டால் கூட்டம் ஏறாது என்பது எங்கள் முதலாளியின் கொள்கை. இதற்கெல்லாம் மேலே ஏர் ஹாரன். முன்னால் போகிற வண்டியை முந்தினால்தான் அடுத்த ஸ்டாப்பில் நிற்கிற ஆள் நமக்கு. அதனால் ஹாரனை விட்டுக் கை எடுப்பதில்லை. சோதனைக்கு அதிகாரிகள் வருகிறார்கள் என்று தெரிந்தால் கழற்றி சீட்டுக்கு அடியில் போடுவோம். அவர்கள் போனதும் மாட்டிவிடுவோம். வடுவூர் ஏரி ஓரம் நான் ஹாரன் அடித்தால் தண்ணீரில் உட்கார்ந்திருக்கும் பறவைகள் மொத்தமாகக் கிளம்பும். பறவைக்குக்கூட நம் வண்டியைத் தெரிகிறதே என்று பெருமைப்பட்டிருக்கிறேன். அது மிரண்டு பறக்கிறது என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

தலை சுற்றி விழுவதற்கு இரண்டு மாதம் முன்பு வடுவூரில் ஒரு சம்பவம் நடந்தது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

அமுதா என்று ஒரு பெண். பக்கத்துக் கிராமத்துப் பள்ளியில் சத்துணவுக் கூடத்தில் வேலை. அன்றாடம் எங்கள் வண்டிதான். அன்று பின்படியில் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு கால் படியில், ஒரு கால் தரையில். அதே நேரம் பின்பக்கம் யாரோ உர மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நான் வண்டியை எடுத்துவிட்டேன். அந்தப் பெண் கீழே விழுந்து வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. இன்னும் ஒரு அடி வண்டி நகர்ந்திருந்தால் பின்சக்கரம்.

"ரெண்டு விசில் கேட்டுத்தான் எடுத்தேன்" என்று நான் கத்தினேன். எங்கள் தொழிலில் ஒரு நீட்டு விசில் என்றால் நிறுத்து, இரண்டு குட்டை விசில் என்றால் கிளம்பு. கூட்டம் தாவூதைச் சூழ்ந்துகொண்டது. அவன் என் முகத்தைப் பார்த்தான், அந்தப் பெண்ணைப் பார்த்தான். "ஆமாங்க, நான்தான் தப்பா ஊதிட்டேன்" என்றான். முதலாளி அவனை இருபது நாள் வேலைக்கு வரக்கூடாது என்று நிறுத்தினார். வடுவூர்க்காரர்கள் அவனை இன்றைக்கும் 'கைய ஒடச்ச கண்டக்டர்' என்றுதான் சொல்கிறார்கள்.

இருபது நாள் கழித்து வந்தவன் முன்னைப்போலப் பேசவில்லை. கோபத்தை உள்ளே வைத்திருக்கிறான், நேரம் பார்த்துக் கழுத்தறுப்பான் என்று நான் முடிவு கட்டினேன். அதனால்தான் அவன் தூக்கியபோது அந்த நினைப்பு வந்தது.

அங்கிருந்து ஒரு காரில் ஏற்றிக்கொண்டு போய்த் தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். முதலில் பிரஷர் பார்த்த நர்ஸ் பெண் ஒரு தடவை பார்த்தது, இன்னொரு கையில் பார்த்தது, பிறகு எதுவும் சொல்லாமல் எழுந்து போய் டாக்டரைக் கூட்டி வந்தது. சொல்லாமல் போகிறார்கள் என்றாலே எனக்குச் சந்தேகம்தான். மார்பில் ஒயர்களை ஒட்டி இதயத் துடிப்பைக் கோடாக வரைந்தார்கள், அது இ.சி.ஜி. பிறகு இதயத்தைத் திரையில் படமாகப் பார்த்தார்கள், அது எக்கோ. ரத்தம் இரண்டு தடவை எடுத்தார்கள். முதல் தடவை எடுத்தது என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அது வேற டெஸ்ட்டு சார்" என்றார்கள். எல்லாம் வேறுதான்.

இதில் முதலாளி போன் செய்தார். "கலியபெருமாள், நல்லா ரெஸ்ட் எடுங்க. ஆஸ்பத்திரி செலவெல்லாம் நான் பாத்துக்கிறேன்." இருபத்து மூன்று வருஷத்தில் அந்த வாயிலிருந்து எனக்கு ஒரு 'ங்க' வந்ததில்லை. அவருடைய மச்சினன் மகன் பிரகாஷ் ஹெவி லைசென்ஸ் வாங்கிவிட்டு வண்டி கிடைக்காமல் சுற்றிக்கொண்டிருந்தான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான் எனக்கு ஞாபகம் வந்தது. என்னை இங்கே படுக்க வைத்து, எதையாவது கண்டுபிடித்து, ஸ்டியரிங்கைப் பிடுங்கிப் பிரகாஷ் கையில் கொடுக்கப் போகிறார். எனக்கு நிலம் கிடையாது. தெரிந்த வேலை அது ஒன்றுதான். சக்கரம் போனால் நான் யார் என்று யோசித்தபோது உண்மையாகவே பயந்தேன்.

இரண்டாம் நாள் ஒரு டாக்டர் வந்து உட்கார்ந்து நிதானமாகப் பேசினார். பிரஷர் ரொம்ப நாளாகவே ஏறியிருக்க வேண்டும், இதயத்தின் சுவர் கொஞ்சம் தடித்திருக்கிறது என்றார். உப்பு, வயது, தூக்கம் எல்லாம் கேட்டார். பிறகு, "வண்டியில சத்தம் எப்படி இருக்கும்?" என்றார்.

"சத்தமில்லாம பஸ் எப்படி டாக்டர் ஓடும்?"

"திடீர்னு பெரிய சத்தம் கேட்டா ஒடம்பு என்ன நெனைக்கும்? ஏதோ ஆபத்துன்னு நெனைக்கும். ரத்தக் குழாய் சுருங்கும், நெஞ்சு வேகமா அடிக்கும். உங்களுக்குச் சத்தம் பழகிப் போயிருக்கலாம். ஒடம்புக்குப் பழகல. சத்தம் மட்டுந்தான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அதுக்கும் இதுல பங்கு இருக்கு." எழுந்தவர் என் மனைவி ராஜேஸ்வரியைப் பார்த்து ஏதோ மெதுவாகச் சொன்னார். அவளும் தலையை ஆட்டினாள்.

"என்ன சொன்னாரு?"

"ஒங்கள கேட்டாரு, காதுல சத்தம் ஏதாச்சும் இரையுதான்னு. நீங்கதான் பதிலே சொல்லல."

என்னைக் கேட்டாராம்! என் காதில் சில்வண்டு ஒன்று வருஷக்கணக்காகக் கத்திக்கொண்டிருப்பது உண்மைதான். எல்லோர் காதிலும் கத்தும் என்று இருந்தேன். வீட்டிலும் கொஞ்ச நாளாகவே இதே கதை. நான் உள்ளே நுழைந்தால் குரலைத் தணிப்பார்கள். அடுப்படியில் இவள் முணுமுணுப்பாள். என்ன என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பாள். ஒன்றுமில்லாததை எதற்கு முணுமுணுக்க வேண்டும்? மகள் போன் செய்தால் இரண்டு பேரும் ரகசியம் பேசுவார்கள். என்னைப் பற்றித்தான் என்று எனக்குத் தெரியும்.

காது டாக்டரிடம் அனுப்புகிறோம் என்றதும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இதயத்தில் ஆரம்பித்து எங்கே வந்து நிற்கிறார்கள் பாருங்கள். காது சரியில்லை என்று ஒரு சீட்டு எழுதினால் போதும், லைசென்ஸ் புதுப்பிக்க முடியாது. இதை முதலாளிக்குப் போட்டுக் கொடுத்தது தாவூதைத் தவிர வேறு யாராக இருக்க முடியும்?

காது சோதனை அறை, பீரோவைப் போல ஒரு கனத்த பெட்டி. உள்ளே நாற்காலி. கதவைச் சாத்தினால் வெளிச் சத்தம் எதுவும் வராது. தலையில் ஹெட்போன், கையில் ஒரு பட்டன். வெளியே ஒரு பெண் மெஷினை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சத்தமாக அனுப்பும். எவ்வளவு மெல்லியதாகக் கேட்டாலும் பட்டனை அமுக்க வேண்டும். எந்தச் சத்தம் எந்த அளவில் கேட்கிறது என்று ஒரு காகிதத்தில் கோடு போடுவார்கள். அதற்குப் பெயர் ஆடியோகிராம்.

பெட்டியில் ஒரு கண்ணாடி ஜன்னல் இருந்தது. அந்தப் பெண் கைகளை மறைத்துத்தான் வைத்திருந்தது. ஆனால் அதன் பின்னால் சுவரில் காமாட்சி படம் ஒன்று மாட்டியிருந்தார்கள். படத்தின் கண்ணாடியில் அதன் வலது தோள் தெரிந்தது. இருபத்து மூன்று வருஷம் கண்ணாடி பார்த்து வண்டி ஓட்டியவனிடம் போய் இவர்கள் கண்ணாடி வைக்கிறார்கள்! தோள் அசைந்தால் நான் அமுக்கினேன். நடுவில் நம்பும்படியாக ஒன்றிரண்டை விட்டுவிட்டேன். வெளியே வந்தபோது அந்தப் பெண் காகிதத்தைப் பார்த்து, "பரவால்லயே சார்" என்றது. கெட்டிக்காரன்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காது டாக்டர் ஒரு பெண்மணி. காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நாற்காலியை விட்டு எழுந்து எனக்குப் பின்னால் போய் மருந்து அலமாரியைத் திறந்து மூடினார். திரும்பி வந்து உட்கார்ந்து, "நான் இப்ப என்ன கேட்டேன்?" என்றார்.

நான் ராஜேஸ்வரியைப் பார்த்தேன். அவள் குனிந்துகொண்டாள்.

"பரவால்ல. இன்னொரு டெஸ்ட்டு இருக்கு. அதுல நீங்க ஒண்ணும் அமுக்க வேணாம். சும்மா உக்காந்திருந்தா போதும்."

காதில் ஒரு சின்ன ரப்பர் குமிழைச் செருகினார்கள். அது உள்ளே சத்தம் அனுப்புமாம். நல்ல காதாக இருந்தால் உள்ளிருந்து ஒரு மெல்லிய எதிரொலி திரும்பி வருமாம். அதை மெஷின் பிடித்துக்கொள்ளும். நான் பொய் சொல்ல அதில் இடமே இல்லை. என் இரண்டு காதிலிருந்தும் திரும்பி வந்தது மிகக் கொஞ்சம்.

"நான் கீழ்வேளூர் பக்கம். எங்க வீட்டுலயும் வெவசாயம்தான்" என்றார் டாக்டர். "ஒங்களுக்குப் புரியிற மாதிரியே சொல்றேன். காதுக்கு ரொம்ப உள்ள நத்தைக்கூடு மாதிரி ஒண்ணு இருக்கு. அதுல முடி மாதிரி பொடிப்பொடியா நின்னுக்கிட்டிருக்கும். சத்தம் வந்தா அது ஆடும். அத வச்சுதான் மூளைக்குச் சேதி போகும். நட்ட நாத்து ரெண்டு நாள் தண்ணில மூழ்கினா என்ன ஆகும்?"

"வடிஞ்சா எந்திரிச்சிரும்."

"பத்து நாள் மூழ்கிக் கெடந்தா?"

"அழுகிரும்."

"ஒங்க காதுல அழுகிப் போச்சு. வருஷக்கணக்கா சத்தத்துல மூழ்கிக் கெடந்திருக்கு. திரும்ப மொளைக்காது. மொதல்ல போறது கீச்சுன்னு இருக்கிற சத்தந்தான். சைக்கிள் பெல்லு, குருவி, பொம்பளைங்க குரல், சின்னப் புள்ளைங்க குரல். விசில்." அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் என்னைத்தான் பார்த்தார். "காது கொறைஞ்சவங்க நெறைய பேரு வீட்டுல சண்ட போட்டுட்டுத்தான் இங்க வருவாங்க. நம்ம முதுகுக்குப் பின்னால பேசுறாங்க, மறைக்கிறாங்கன்னு தோணும். பேசுறது பாதி கேட்டா மீதிய மனசு இட்டுக்கட்டிக்கும்."

"எனக்கு அது பிறவிக் குணம் டாக்டர்."

ராஜேஸ்வரி நிமிர்ந்தாள். "ஆமா டாக்டர், பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான். இப்ப கொஞ்ச நாளா தாங்க முடியல." சொல்லிவிட்டு அவள் அழுதாள். நான் அவளைத் தேற்றவில்லை. மெஷினை யார் செட் பண்ணினார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கழிசடை நான்.

அன்று மத்தியானம் சாப்பாடு எடுத்துக்கொண்டு தாவூது வந்தான். ஆஸ்பத்திரியில் இருந்த ஐந்து நாளும் மத்தியானச் சாப்பாடு அவன் வீட்டிலிருந்துதான். உப்பில்லாத மீன் குழம்பு வைக்க அவன் வீட்டம்மா தனியாக ஒரு சட்டி வாங்கியிருந்தார்களாம். நான் தூங்குவதுபோலப் படுத்திருந்தேன். கதவு இடுக்கு வழியாகப் பார்த்தால் வராந்தாவில் ராஜேஸ்வரியும் அவனும் தலையைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் ஏதோ சொல்லச் சொல்ல இவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சந்தேகத்துக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? எழுந்து போய் அவன் தோளைப் பிடித்தேன்.

"முதலாளிகிட்ட என்னப் பத்தி என்னடா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லலண்ணே."

"என் காதப் பத்தி நீதானடா போட்டுக் குடுத்த? விசில் எடுத்துட்டு வா. கீழ போவோம்."

காக்கிச் சட்டைப் பையில் அவனுக்கு விசில் எப்போதும் இருக்கும். ஆஸ்பத்திரியின் பின்பக்கம் வண்டி நிறுத்துகிற இடம். கரண்ட் போயிருந்ததால் பெரிய ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பஸ் என்ஜினுக்குச் சமமான இரைச்சல். எனக்குப் பரிச்சயமான இடம் போல இருந்தது. ஒரு பஸ் நீளம் தள்ளி அவனை நிற்க வைத்தேன்.

"நான் அந்தப் பக்கம் திரும்பி நிக்கிறேன். நீ ஊது. ஒண்ணோ ரெண்டோ, உன் இஷ்டம். எத்தனைன்னு நான் கை தூக்கிக் காட்டுறேன்."

திரும்பி நின்றேன். எதிரே மதில் சுவர். கண்ணாடி கிடையாது, காமாட்சி படம் கிடையாது. காத்திருந்தேன். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. காதில் சில்வண்டு கத்திக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் ஆன மாதிரி இருந்தது. இவன் வேண்டுமென்றே ஊதாமல் நிற்கிறான், என்னைச் செவிடன் என்று ஒத்துக்கொள்ள வைக்கப் பார்க்கிறான் என்று நினைத்தேன்.

"ஊதுடா!" என்று கத்திக்கொண்டே திரும்பினேன்.

விசில் அவன் வாயில் இருந்தது. கன்னம் இரண்டும் உப்பி, முகம் செக்கச் செவேலென்று சிவந்திருந்தது. கண்ணில் தண்ணீர். வாட்ச்மேன் ஓடி வந்து ஒரு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். பின்னால் எடுத்துக்கொண்டிருந்த கார் ஒன்று நட்டநடுவில் நின்றிருந்தது. மாடி ஜன்னல்களில் நோயாளிகளும் நர்ஸுகளும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தில் அத்தனை பேருக்கும் கேட்டிருந்தது, என் ஒருவனைத் தவிர.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பின்னாலேயே இறங்கி வந்திருந்த ராஜேஸ்வரி வாட்ச்மேனைச் சமாதானம் செய்து அனுப்பினாள். தாவூது வந்து என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். என் முகத்துக்கு நேரே, உதடு தெரியும்படி பேசினான். அவன் எப்போதும் என்னிடம் அப்படித்தான் பேசுவான் என்பது அப்போதுதான் உறைத்தது.

"மூணு வருஷமா நான் விசில நம்புறதில்லண்ணே. கெளம்பச் சொல்லி ஊதுவேன், வண்டி நின்னபடியே நிக்கும். திரும்ப ஊதுவேன், அப்பயும் நிக்கும். ஒருநாள் கடுப்புல வண்டிய ரெண்டு தட்டு தட்டினேன். ஒடனே எடுத்துட்டீங்க. தகரம் அதிர்றது ஒங்களுக்குத் தெரியுதுன்னு புரிஞ்சுபோச்சு. அன்னைலேர்ந்து ஊருக்கு விசில், ஒங்களுக்குத் தட்டு."

"வடுவூர்ல?"

அவன் விசிலைச் சட்டைப் பையில் போட்டான். "உர மூட்ட எறக்கின ஆளு, எறக்கி முடிச்சதும் வழக்கம் போல வண்டிய ரெண்டு தட்டு தட்டிட்டான். ஆச்சு, போகலாம்னு. எல்லாரும் செய்யறதுதானே? நீங்க எடுத்துட்டீங்க. நான் நீட்டு விசிலா ஊதிக்கிட்டே இருந்தேண்ணே. மூச்சு போற வரைக்கும் ஊதினேன்."

அந்த இரண்டு தட்டைத்தான் அன்றைக்கு நான் விசில் என்று நினைத்திருக்கிறேன்.

"அப்பறம் ஏன்டா நீ ஏத்துக்கிட்ட?"

"நெசத்தச் சொன்னா ஒங்க லைசென்ஸ் போயிரும். எனக்கு இருபது நாள்தானே போச்சு. ஆனா அதுக்கப்பறம் தூக்கமே இல்லண்ணே. நாளைக்கு யாராவது சக்கரத்துல போயிட்டா அந்தப் பாவம் எனக்கும்தானே? அதத்தான் அண்ணிகிட்ட சொல்லிக்கிட்டிருந்தேன்."

அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. மூன்று வருஷமாக ஒரு செவிடனிடம் ஒரு பஸ் ஜனத்தை ஒப்படைத்துவிட்டு இவன் பின்னால் தட்டிக்கொண்டிருந்திருக்கிறான். அந்தக் கோபம் அடங்கிய பிறகுதான், அப்படித் தட்டியவன் இல்லாவிட்டால் நான் இதற்குள் ஜெயிலில் இருந்திருப்பேன் என்பது தெரிந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருந்தன. எதை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அவன் கொண்டு வந்த மீன் குழம்பைச் சாப்பிட்டேன்.

மறுநாள் காது சோதனை அறைக்கு நானே போனேன். அந்தப் பெண், "நேத்திக்கே எடுத்தாச்சே சார்" என்றது. "நேத்திக்குக் கண்ணால எடுத்தீங்கம்மா, இன்னைக்குக் காதால எடுங்க" என்றேன். பெட்டிக்குள் உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். கனத்த சத்தங்கள் கேட்டன, அமுக்கினேன். பிறகு ஒன்றும் வரவில்லை. சத்தம் போய்க்கொண்டுதான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கட்டைவிரல் தானாகத் துடித்தது. அமுக்கவில்லை. காகிதத்தில் கோடு நன்றாக வந்து, விசில் இருக்கிற இடத்தில் பள்ளத்தில் இறங்கியிருந்தது. அதைப் பார்த்து ஒன்றும் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

பிரஷருக்கு மாத்திரையும், காதுக்கு மெஷினும் எழுதிக் கொடுத்தார்கள். மெஷின் போன காதைத் திரும்பக் கொண்டு வராது, இருக்கிற காதுக்குச் சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும், அவ்வளவுதான் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்து அதை மாட்டிக்கொண்டு முதல் காரியமாக அடுப்படிக் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். வெட்கம்தான், என்ன செய்வது. ராஜேஸ்வரி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். "துவரம்பருப்பு இல்ல. புளி இருக்கு. கடுகு வாங்கணும்." இத்தனை நாளாக அவள் முணுமுணுத்தது என்னைப் பற்றி இல்லை, பருப்பைப் பற்றி. மகள் போன் செய்தபோதும் அப்படியே மறைந்து நின்று கேட்டேன். என்னைப் பற்றித்தான் பேசினார்கள். அப்பா மாத்திரை போட்டாரா, அப்பா தூங்கினாரா என்று, சாதாரணக் குரலில். நான் கொல்லைப்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

பிறகு முதலாளியைப் போய்ப் பார்த்தேன். இனி வண்டி ஓட்ட மாட்டேன், வடுவூரில் தப்பு என்னுடையது, தாவூது மேல் குற்றமில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு நாலாக மடித்து மேஜைக்குள் வைத்தார். "மன்னார்குடி ஸ்டாண்டுல டைம் கீப்பரா உக்காருங்க. வடுவூர் சங்கதி முடிஞ்சு போச்சு. அதப் போயி வெளில கிளறிக்கிட்டு இருக்காதீங்க. வேலை வேணும்ல?" என்றார். இந்த முறை சந்தேகப்பட ஒன்றுமில்லை. மனிதர் வெளிப்படையாகத்தான் பேசினார்.

வேலை வேண்டும்தான். இரண்டு நாள் வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். மூன்றாம் நாள் காலை, அமுதா ஏறும் டிரிப்பாகப் பார்த்து, தஞ்சாவூரில் டிக்கெட் எடுத்து என் வண்டியிலேயே பயணியாக உட்கார்ந்தேன். கடைசி சீட், பின்படிக்குப் பக்கம். ஸ்டியரிங்கில் பிரகாஷ். பாட்டு அலறிக்கொண்டிருந்தது. மெஷின் வழியாக அதைக் கேட்டபோது, இதற்குள் இருபத்து மூன்று வருஷம் எப்படி உட்கார்ந்திருந்தேன் என்று மலைப்பாக இருந்தது. பிரகாஷுக்கு வயது இருபத்தாறு. காது இன்னும் பச்சையாக இருக்கும்.

வடுவூரில் அமுதா ஏறியது. வலது கையை இன்னும் முழுசாக நீட்ட முடியவில்லை. இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறியது. தாவூதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சில்லறையை அவன் கையில் கொடுக்காமல் சீட்டின் மேல் வைத்தது. அவன் எடுத்துக்கொண்டான். படி காலியாக இருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை எட்டிப் பார்த்தான். விசிலை வாயில் வைத்து இரண்டு தடவை ஊதினான். அந்தச் சத்தம் ஊசி மாதிரி என் காதில் ஏறியது. எத்தனை வருஷம் ஆயிற்றோ அதைக் கேட்டு. ஊதிய கையோடு அவன் கை தானாக வெளியே போய், வண்டியின் தகரத்தில் இரண்டு தட்டு தட்டியது.

பிரகாஷ் திரும்பிப் பார்த்தான். "எதுக்குண்ணே சும்மா சும்மா தட்டுறீங்க? விசில்தான் கேட்டுச்சே."

தாவூது என்னைப் பார்த்தான். "பழக்கம் தம்பி" என்றான்.

நான் எழுந்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு அமுதாவின் சீட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். டைம் கீப்பர் வேலை ஒரு கணம் நினைவுக்கு வந்து போனது.

"தங்கச்சி, அன்னைக்கு இவன் தப்பா ஊதல. எனக்குத்தான்..."

ஏரிக்கரைத் திருப்பத்தில் பிரகாஷ் ஏர் ஹாரனை அழுத்தினான். தண்ணீரிலிருந்து பறவைகள் மொத்தமாகக் கிளம்பின. என் வாய் அசைந்ததை அமுதா பார்த்தது; ஒன்றும் கேட்கவில்லை என்று கையைக் காட்டியது. பஸ்ஸில் யாருக்குமே கேட்கவில்லை. உட்கார்ந்துவிட நினைத்திருந்தால் அதுதான் சரியான நேரம்.

ஹாரன் நிற்கும் வரை காத்திருந்தேன். நின்றதும், பின்சீட்டு வரை கேட்கும்படி முதலிலிருந்து சொன்னேன்.